வெட்டு உத்தரவுக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள ஐயா,

விழுப்புரத்தில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பணியாற்றுகிறேன். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆய்வாளர்கள் முழுவதுமாக அடைத்தும், பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனாளிகளானதாகப் படித்தேன். காலையில் 1000 ரூபாய் வாங்கி மாலையில் 1050 கட்டுபவர் நாளுக்கு ஐந்து ரூபாயை ஒதுக்கி, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து, அதனால் மிச்சமாகும் வட்டியையும் அதனுடன் சேர்த்தால் ஐம்பதே நாளில் கடன் தீரும். கணக்குத் தெரியாதவர்களுக்கு எவ்வளவு உதவினாலும் வீண்தானா? நிதிக் கல்வி வகுப்புகள், சேமிப்புக்கான கைப்பேசிச் செயலிகள் பயன் தருமா?

ச.

அன்புள்ள ச.,

வகுப்புகளால் பெரிய கேடு விளையாது, நடத்துங்கள். செயலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ‘கணக்குத் தெரியாதவர்கள்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. விடியுமுன் ஏலத்தில் தக்காளிப் பெட்டியின் விலையை ஒரு நொடியில் மனத்துக்குள் பிரித்து, கிலோவுக்கு என்ன நிற்கும் என்று சொல்லும் பெண்ணுக்கு உங்கள் ஐம்பது நாள் கணக்கு தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கடன் அடைந்த மறுநாளும் அவர் கையில் உபரி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சலோ, உறவில் ஒரு சடங்கோ வந்தால் வியாபாரத்துக்கான முதல் பணத்தை உடைக்க வேண்டும்; அது உடைந்தால் வட்டிக்காரர்தான். படித்த பிள்ளையான நீங்கள் இதை ஒருவரிடமாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

நீங்கள் படித்திருக்க வேண்டிய ஆய்வு உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. பொருளியலாளர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான சிந்தனைச் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் வீட்டுப் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னர் நான்கு பேர்தான். வடிவப் புதிர்களில் முன்பு சராசரியாக 4.35 விடை சரியாகச் சொன்னவர்கள், பணம் வந்தபின் 5.45 சொன்னார்கள். பழகியதால் வந்த தேர்ச்சியோ என்ற ஐயத்துக்கு இடம் வைக்காமல், நூறு பேரை ஒதுக்கி அறுவடைக்குப் பின்னரே முதன்முறையாகச் சோதித்தார்கள். ஆலைகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் வெட்டு உத்தரவு, அதாவது கரும்பை வெட்டுவதற்கான அனுமதி, தருவதால், பருவத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ஒரே மனிதர், ஒரே மூளை. மாறியது பணம் வந்ததும் வராததும் மட்டுமே.

அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. என் தந்தை கரும்பு விவசாயி. ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பின்னம் புரியாதபோது, கரும்பை அரிவாளால் துண்டுதுண்டாக நறுக்கி, கால், அரை, அரைக்கால் என்று திண்ணையில் வரிசையாக அடுக்கிக் காட்டியவர் அவர். மறு ஆண்டு ஆலைப் பணம் பதினொரு மாதம் வரவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்த அந்த மாதங்களில், அதே மனிதர் என் நோட்டில் இரண்டு எண்களைக் கூட்டத் தொடங்கிப் பாதியில் மறந்து, மறுபடி கூட்டி, பிறகு நோட்டைத் தூக்கி எறிந்தார். அவருக்கு என்மேல் அன்பு போய்விட்டதென்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். விவரம் புரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஆகவே எனக்கு இது ஆலைப் பணம் எந்தத் தேதியில் வருகிறது என்ற கேள்வி. 1966ஆம் ஆண்டின் கரும்பு கட்டுப்பாட்டு ஆணையில் விதி இருக்கிறது: கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்தப் பதினான்கு நாள் மீறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பத்தின் பணம் மட்டும் நிறுத்திவைக்கப்படுவதில்லை. எந்த விதையை வாங்குவது, எந்த மருத்துவரிடம் போவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டிய மனமும் சேர்த்தே நிறுத்திவைக்கப்படுகிறது. நிலுவைத் தொகை பற்றிய பேச்சில் இந்த இழப்பை யாரும் கணக்கிட்டு நான் கேட்டதில்லை. பணத்தை வட்டியோடு கொடுத்தாலும் அந்த மாதங்களில் தவறாக எடுத்த முடிவுகள் திரும்பி வருவதில்லை. இதைச் சீராக்காமல், அந்த மனிதரையே வகுப்பில் உட்காரவைத்துச் சிக்கனம் சொல்லித்தருவது எனக்கு அவமதிப்பாகவே தோன்றுகிறது.

உங்கள்மேல் கோபமில்லை, ச. கடன் பிரிவில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியை மனத்தில் சுமப்பவர்கள் குறைவு. அதனால்தான் உரிமையோடு கடிந்துகொள்கிறேன். நாளை கிளைக்குச் சென்றதும், கரும்புக்குக் கொடுத்த பயிர்க்கடன்களின் தவணைத் தேதியையும், அந்த விவசாயிகளின் கணக்கில் ஆலைப் பணம் உண்மையில் ஏறிய தேதியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தவணை முன்னால் விழுகிறது என்று எண்ணி, முதலில் உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள்.