அலமாரிக்கு மேல் ஏறிய வெள்ளையன்

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் வெள்ளையனுக்கு இரண்டு வயது, கடுவன் பூனை. குட்டியாக வந்த நாளிலிருந்து சோறும் அவித்த சூடை மீனும்தான் சாப்பாடு. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் அக்காவின் மகள், "சின்னம்மா, பூனைக்குச் சோறு போடக் கூடாது" என்று சொல்லி, உலர் சாப்பாடு பெரிய பை ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போனாள். அன்றைக்கே சோற்றை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் வயிற்றாலை போகத் தொடங்கியது, இன்றைக்கு ஆறு நாள். ஒருமுறை சத்தியும் எடுத்தது. களைத்துப் போகுமே என்று பால்மா கரைத்து வைத்தேன். பெறாமகளை வட்ஸ்அப்பில் கேட்டேன். அவள் வளர்க்கும் ஃபெரட் என்ற சிறு பிராணிக்கும் இப்படி வந்ததாம். கோழி இறைச்சியை அரைத்துக் கூழாக்கி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சிறிஞ்சால் பருக்கினாளாம். நானும் அப்படியே செய்தேன், தெம்புக்குத் தேனும் கலந்தேன். இப்போது என்னைக் கண்டாலே அலமாரிக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒரு நாள் பட்டினி போடலாமா? உடம்பும் சுடுகிறது. பிள்ளைகளின் பனடோல் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா?
பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்: அன்பின் தங்கச்சி, கடிதத்தின் கடைசி வரியில் பனடோல் என்று கண்டதும், காரியாலயத்தில் உங்கள் இலக்கத்தை வாங்கி அன்றைக்கே கதைத்துவிட்டேன். அப்போது அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். பூனை வளர்க்கிற மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும்.

பனடோல் பூனைக்கு நஞ்சு. "கொஞ்சம்" என்ற அளவே இதில் இல்லை. பரசிற்றமோலை உடைத்து வெளியேற்ற நமது ஈரலில் இருக்கிற வசதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. உடையாத மருந்து இரத்தத்தைக் கெடுக்கும். கெட்ட இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. நான் அரச சேவையில் இருந்த காலத்தில், ஒருவர் தன் பூனையைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். வாயைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு கோப்பித் தூளின் நிறத்தில் இருந்தது. முகமும் வீங்கியிருந்தது. முதல் நாள் இரவு அரை மாத்திரை கொடுத்தாராம், காய்ச்சல் என்று. அந்தப் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. உடம்பு சுடுகிறது என்பதும் பெரும்பாலும் உங்கள் கையின் கணக்குத்தான். நலமான பூனையின் உடல் வெப்பமே 38 முதல் 39 பாகை வரை இருக்கும். அதைவிட வெப்பம் குறைந்த நமது கையால் தொட்டால் எந்தப் பூனையும் சுடத்தான் செய்யும். மனிதருக்கான வயிற்றாலை நிறுத்தும் மாத்திரையும் மிருக வைத்தியர் சொல்லாமல் வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்த செய்தி. உங்களைக் கண்டதும் அலமாரிக்கு மேல் பாய்கிறது என்கிறீர்கள். ஆறு நாள் வயிற்றாலை போன பூனை ஆறடி உயரம் பாய்கிறது என்றால் அதன் உடம்பில் இன்னும் நீரும் பலமும் இருக்கிறது. மூலையில் சுருண்டு கிடந்து, கூப்பிட்டாலும் காது அசையாமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பெறாமகள் சொன்னது பிழையில்லை. ஆனால் அது வேறு பிராணிக்கான வைத்தியம். ஃபெரட்டைப் படத்தில் பார்த்தால் நம்மூர்க் கீரிப்பிள்ளையின் உறவு போல இருக்கும். உண்மையில் அது கீரிக் குடும்பமில்லை. நீர்நாய், வீசல் வகையறாவின் இனம். பூனையைப் போல முழு மாமிச பட்சணி. குடல் மிகவும் கட்டை. நமக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் இருக்கிற பை அதற்குக் கிடையாது. சாப்பிட்டது மூன்று நான்கு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடும். அதனால் அதற்கு வயிறு காய்ந்திருக்கவே கூடாது. வயதான ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வந்து இரத்தத்தில் சீனி இறங்கும் வியாதி அடிக்கடி வருகிறது. அவற்றைப் பட்டினி போட்டால் மயங்கிவிழும். மூன்று மணிக்கொருக்கால் பருக்கச் சொன்ன காரணம் அதுதான். இன்னொன்று, ஃபெரட் குட்டிப் பருவத்தில் எந்த மணத்தைச் சாப்பாடு என்று பழகியதோ அதைத்தான் பிறகும் சாப்பாடு என்று ஏற்கும். புதிதை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் பச்சை நிறத்தில் சளி போலப் போகும். 1993இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்ட ஒரு குடல் நோயிலும் அதே பச்சைச் சளிதான். அது கொரோனா வகை வைரஸ் ஒன்றால் வருவது, நம்மை வீட்டுக்குள் அடைத்த வைரஸ் அல்ல. ஆகவே பெறாமகளின் பிராணிக்கு மறுபடி பச்சையாகப் போனால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாமல் அங்குள்ள மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளையன் ஃபெரட் அல்ல. விருப்பமில்லாத பூனையின் வாயில் சிறிஞ்சால் கூழை அடித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடலாம். அது மட்டுமல்ல, பூனைக்கு ஞாபகம் பெரிது. வருத்தமாக இருந்த நேரத்தில் எந்தச் சாப்பாட்டைத் திணித்தீர்களோ, அந்த மணத்தையே பிறகு வெறுக்கும். சிறிஞ்சைத் தூக்கி வைத்துவிடுங்கள். இரண்டு நாளைக்குச் சாப்பாட்டை வீட்டில் வேறு யாராவது வைக்கட்டும். வைத்துவிட்டு நின்று பார்க்காமல் போய்விட வேண்டும். தேனைப் பற்றி ஒரு வார்த்தை: பூனைக்கு இனிப்பின் சுவையே தெரியாது. நாக்கில் அதற்கான உணர்வு இல்லை. உங்கள் தேன் அதற்கு ருசியும் தரவில்லை, வயிற்றாலையைக் கூட்டியதுதான் மிச்சம். பால்மாவும் அப்படியே. தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பாற்சீனியைச் செரிக்கிற சக்தி குறைந்துவிடும். பூனையும் பாலும் என்று கதைகளில் சேர்த்துவிட்டார்கள். குடலைக் கேட்டுச் சேர்க்கவில்லை.

கூட்டிப் பாருங்கள். இரண்டு வருடம் சோற்றுக்கும் மீனுக்கும் பழகிய குடலுக்கு ஒரே நாளில் உலர் சாப்பாடு, அதன் மேல் பால்மா, அதன் மேல் தேன் கலந்த கூழ். குடலில் வாழும் கிருமிக் கூட்டம் உள்ளே வருகிற சாப்பாட்டுக்கேற்றபடி அமைந்திருக்கும். அது மாறி அமைய ஒரு கிழமையாவது வேண்டும். நீங்கள் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. பையிலுள்ள சாப்பாடு கூடாது என்றில்லை. 2022இல் டொலர் நெருக்கடி வந்து பைச் சாப்பாட்டின் விலை ஏறியபோது, ஒரே நாளில் சோற்றுக்கு மாறிய பூனைகளுக்கும் இதே வயிற்றாலைதான்.

அளவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சோறு போட்ட அதே தட்டை நிரப்பி வைத்தீர்களா? எடைக்கு எடை பார்த்தால் உலர் சாப்பாட்டில் சோற்றைப் போல மூன்று மடங்கு சக்தி. நான்கு கிலோ பூனைக்கு நாள் முழுவதற்கும் ஏறக்குறைய 55 முதல் 65 கிராம் போதும். பையின் பின்புறத்தில் அளவு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். கூடத் தின்றாலே பூனைக்கு இளகிப் போகும்.

பட்டினி வேண்டாம். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு முழுவதும் ஈரலில் போய் அடைத்து, காமாலையாகி உயிருக்கே உலை வைக்கும். பையை ஒரு மூன்று நாளைக்கு மூடி வையுங்கள். எலும்பும் தோலும் நீக்கிய கோழி இறைச்சியை வெறும் தண்ணீரில் அவித்து, பிய்த்து, குழைந்த சோறு கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். உப்பு, மஞ்சள் ஒன்றும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் வாசத்துக்குக்கூட வேண்டாம், அவை பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. கறிக்குப் போட்ட இறைச்சியைக் கழுவிக் கொடுப்பதும் அதே கதைதான். பாரை மீன் கிடைத்தால் முள் எடுத்து அவித்துக் கொடுக்கலாம். ஒரே தரமாக வைக்காமல் நாளுக்கு நான்கைந்து தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு மேசைக்கரண்டி.

தண்ணீர்தான் இதில் முக்கியம். சோறும் மீனும் பாதிக்கு மேல் தண்ணீர். உலர் சாப்பாட்டில் நூற்றுக்குப் பத்துக்கூட இல்லை. அதுவரை சாப்பாட்டிலேயே தண்ணீர் குடித்த பூனைக்குத் தனியாகப் போய்க் குடிக்கிற பழக்கம் இருக்காது. நமது வெக்கைக்கு வயிற்றாலையும் சேர்ந்தால் உடம்பு வற்ற அதிக நேரம் எடுக்காது. அகலமான மண்சட்டியில், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில், ஆறின தண்ணீர் வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பல பூனைகள் தொடாது. கோழி அவித்த தண்ணீரைக் கொழுப்பு நீக்கிச் சாப்பாட்டில் ஊற்றுங்கள். வயிற்றாலைக்கு நாம் குடிக்கிற ஜீவனிப் பொடியைக் கரைத்துப் பருக்கவா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். உப்புக் கரிக்கிற அதைப் பூனை தானாகக் குடிக்காது. பருக்கப் போனால் மறுபடி சிறிஞ்ச், மறுபடி அலமாரி. பிடரித் தோலை மெதுவாகக் கிள்ளி உயர்த்தி விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் நல்லது. கூடாரம் போல நின்று மெதுவாக இறங்கினாலோ, முரசைத் தொட்டால் ஈரமில்லாமல் ஒட்டினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே கொண்டுபோங்கள். தோலுக்குள் ஊசியால் சேலைன் ஏற்றினால் சில மணித்தியாலத்தில் பூனை எழுந்துவிடும்.

மலம் இறுகி இரண்டு நாள் கழிந்த பிறகு பையைத் திறக்கலாம். பத்துக் கரண்டியில் ஒன்று புதியது, ஒன்பது பழையது, இரண்டு நாளைக்கு. அந்த ஒன்றையும் கோழித் தண்ணீரில் ஊறவிட்டுக் கலவுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு கரண்டியாகக் கூட்டுங்கள். இளகினால் ஒரு படி இறங்கி நில்லுங்கள். பத்து நாளில் முடிக்கலாம் என்று பைகளில் எழுதியிருக்கும். வெள்ளையனுக்கு இருபது நாள் எடுத்தாலும் குறைவில்லை. திறந்த பையை நமது சூட்டில் அப்படியே வைத்தால் கொழுப்புக் காறிவிடும், எறும்பும் வரும். இறுக்கமான மூடியுள்ள தகரத்தில் போட்டு வையுங்கள்.

முழுதாகப் பைக்கு மாற வேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம், தேவையில்லை. ஆனால் சோறு நிறையவும் மீன் கொஞ்சமும் என்பதும் சரிவராது. ரோரின் என்ற சத்துக் குறைந்தால் பூனையின் கண் பார்வை கெடும். இருதயமும் பலவீனமாகும் என்பதை 1987இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவிக்கும்போது அது தண்ணீரில் கரைந்துவிடும், அந்தத் தண்ணீரை நாம் ஊற்றிவிடுகிறோம். பச்சைச் சூடையை அப்படியே கொடுப்பதும் வேண்டாம். அதிலுள்ள ஒரு பொருள் பி1 விற்றமினை அழிக்கும், அவித்தால் அந்தக் கேடு போய்விடும். பாதி பைச் சாப்பாடு, பாதி அவித்த மீனோ கோழியோ, சோறு ஒரு கைப்பிடி. நமது வீடுகளுக்கு இது கட்டுபடியாகும்.

மூன்று நாளில் இறுகாவிட்டால், அல்லது இரத்தமோ தார் போன்ற கறுப்போ கண்டால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தொடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். குட்டி என்றாலோ தடுப்பூசி போடாத பூனை என்றாலோ முதல் நாளே. இரண்டு வருடத்தில் பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வெள்ளையன் பல்லி பிடித்துத் தின்கிறவனா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். பல்லியிலிருந்து பித்தப்பைக்குள் போகிற ஒரு தட்டைப்புழு இருக்கிறது, அதற்கு மருந்து வேறு.

கிளினிக்குக்கு வரும்போது அன்றைக்குக் காலையில் போன மலத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்து வாருங்கள், நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு. மருந்துக்கடைச் சிறு போத்தல் நல்லது. ஒரு அம்மா ஜாம் போத்தலில் கொண்டுவந்தார், லேபிள் கழற்றாமல். கிளினிக்கில் இருந்த பையன் அதைத் தேநீர் மேசையில் வைத்துவிட்டான்.