பையன் காலேஜுக்கு வீட்டுப் பத்திரத்த வெக்க வேண்டாம்னு சொன்னா நான் கெட்ட அம்மாவா?

வணக்கம் மேடம்,

நாங்க திருப்பூருங்க. எனக்கு 46 வயசு, வீட்டுக்காரருக்கு 53. அவர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், நான் வீட்லயே பிசிறு வெட்டற வேலை பீஸ் ரேட்டுக்கு செய்யறேன். ரெண்டு குழந்தைங்க. பெரியவ பொண்ணு, கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு 2019ல கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சீட் வாங்குனா, முதல் பட்டதாரி சலுகை கிடைச்சுது, மீதிக்கு பேங்க்ல லோன் போட்டோம், இப்ப சென்னைல வேலைக்குப் போய் மாசம் அஞ்சாம் தேதி ஆனா 5,500 ரூபா EMI அவளேதான் கட்டறா. ஒரு நாள் கூட அதப்பத்தி குறை சொன்னதில்லைங்க.

சின்னவன் பையன், இவன மட்டும் பிரைவேட் ஸ்கூல்ல சேத்தோம். இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சான், கட் ஆஃப் 128 தான் வந்துச்சு. அவன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ற கோயமுத்தூர் காலேஜ்லதான் சேருவேன், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். நாங்க போய் விசாரிச்சோம், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முதல்ல 3 லட்சம் கட்டணுமாம், அதுக்கு ரசீது கிடையாதாம், அப்புறம் வருஷத்துக்கு 2 லட்சம். மொத்தம் 11 லட்சம் ஆகுது மேடம். வீட்டுக்காரர் கணக்கு போட்டு வெச்சுட்டார், வீட்டுப் பத்திரத்த வெச்சு 6 லட்சம், பி.எஃப்.ல 2 லட்சம், மீதி 3 லட்சத்துக்கு பொண்ணு பேர்ல பர்சனல் லோன். இன்னும் அவகிட்ட கேக்கல, இந்த ஞாயித்துக்கெழமை வரச்சொல்லி கேக்கலாம்னு இருக்கார்.

நான் வேண்டாம்னு சொன்னேங்க. எங்களுக்கு இருக்கறது இந்த ரெண்டு சென்ட் வீடு ஒண்ணுதான். அதுக்கு அவர் என்ன சொல்றார்னா நான் எட்டாவதோட நின்னு பதினாலு வயசுல தாராபுரம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன், என் பையனும் கத்தரிக்கோல் புடிக்கணுமா, எங்க அண்ணன் மகன் படிக்கறான் என் மகன் படிக்கக் கூடாதான்னு. பையன் அதுக்கு மேல, படிக்க வெக்க முடியாதவங்க எதுக்கு பெத்தீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். அன்னைலருந்து எங்ககூட உக்காந்து சாப்பிடறதில்ல, தட்ட எடுத்துட்டுப் போய் ரூம்ல கதவ சாத்திக்கறான், பாதி சோறு அப்படியே திரும்பி வருது. ராத்திரி எந்திரிச்சா வீட்டுக்காரர் பீரோவத் தொறந்து அந்த பத்திரத்த எடுத்து லைட் வெளிச்சத்துல பொரட்டிட்டு இருக்கார்.

புள்ளைங்கள படிக்க வெக்கறது பெத்தவங்க கடமைதானே மேடம், அப்ப நான் வேண்டாங்கறது தப்பா? எது வரைக்கும் கடமை? தூக்கமே வரலைங்க.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்க வேண்டாம்னு சொன்னது தப்பில்லைங்க, அத முதல்லயே சொல்லிடறேன்.

கடமையான்னு கேட்டீங்க. பதினெட்டு வயசு ஆயிடுச்சு இனிமே உன் பாடுன்னு கைய விரிக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல கிடையாது, அந்த மாதிரி விடவும் கூடாதுங்கறதுதான் என் கருத்து. பெத்தவங்க தங்களால ஆனத பிள்ளைங்க படிப்புக்கு குடுக்கணும். ஆனா உங்களால ஆனது எவ்வளவுங்கற தொகை ஒண்ணு இருக்கில்லையா, அத உங்க வீட்ல இன்னும் யாரும் வாய்விட்டு சொல்லல. காலேஜ்காரங்க 11 லட்சம்னு சொன்னாங்க, உங்க வீட்டுக்காரர் அதையே தன்னோட கடமையோட அளவா எடுத்துக்கிட்டார். ஒரு காலேஜ் கேக்கற பணம் எப்படிங்க ஒரு அப்பாவோட பாசத்துக்கு அளவா இருக்க முடியும்?

இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்துக் குடும்பங்களுக்கான 1956ம் வருஷத்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்துல ஜீவனாம்சம்னா சோறு துணியோட படிப்புச் செலவும் சேர்த்திதான். அந்தப் பொறுப்பு பையனுக்கு மேஜர் ஆகற வரைக்கும், பொண்ணுக்கு சொந்த வருமானத்துல வாழ முடியலேன்னா கல்யாணம் ஆகற வரைக்கும். நம்ம ஊர்ல நடக்கறது நேர்மாறு, பொண்ணு லோன் போட்டு படிக்கறா, பையனுக்கு பத்திரம் பீரோவ விட்டு வெளிய வருது. உங்க பொண்ணு குறை சொன்னதில்லைன்னு எழுதியிருக்கீங்க, குறை சொல்லாத பிள்ளைங்களுக்கு மனசுல ஒண்ணுமில்லைன்னு நினைக்காதீங்க, இந்த மாதிரி வீட்டுப் பெரிய பொண்ணுங்க முப்பது வயசுக்கு மேல என் முன்னாடி உக்காந்து அழறத நான் நிறைய பாத்துட்டேன். அவங்க யாருமே தம்பிக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேக்கறதில்ல, எனக்கும் தரணும்னு இவங்களுக்கு ஏன் தோணலைன்னுதான் கேக்கறாங்க. அதனால அந்த 3 லட்சம் பர்சனல் லோன் பேச்சு ஞாயித்துக்கெழமை வரைக்கும் போகவே கூடாது. அப்பா நேரா கேட்டா அவளால முடியாதுன்னு சொல்ல முடியாது, அது உங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு கோவம் வரலைங்க. பதினாலு வயசுலருந்து நின்னுக்கிட்டே வேலை பாத்த மனுஷன், பையன் கழுத்துல காலேஜ் ஐடி கார்டு தொங்கறத பாக்கணும்னு நினைக்கறார், அதுல என்ன தப்பு? அண்ணன் மகன் படிக்கறான்னு சொன்னார் பாருங்க, அவர் பயம் அங்கதான் இருக்கு, சொந்தபந்தத்துல என்னால முடியலைன்னு ஆயிடுமோன்னு. இதுல பையன் வேற எதுக்கு பெத்தீங்கன்னு கேட்டுட்டான், அந்த வார்த்தைக்கு பதிலாதான் ராத்திரி பத்திரத்த பொரட்டறார். அவர்கிட்ட வட்டிக் கணக்கோட ஆரம்பிக்காதீங்க. நீங்க படிக்க வெக்காத அப்பா இல்ல, ஒரு இன்ஜினியர ஏற்கனவே உருவாக்கிட்டீங்க, அவ நம்ம பொண்ணுதானேன்னு ஆரம்பிங்க.

அப்புறம் கணக்குக்கு வாங்க. அவருக்கு 53, பையன் படிச்சு முடிக்கறப்ப 57, ஆறு லட்சம் அசல்ல பாதி கூட அப்ப அடஞ்சிருக்காது. கட்டிங் டேபிள் முன்னாடி அவர் இன்னும் எத்தன வருஷம் நிக்க முடியும்? பி.எஃப். பென்ஷன் எவ்வளவு வரும்னு விசாரிச்சுப் பாருங்க, குறைந்தபட்ச பென்ஷன்னு 2014ல நிர்ணயிச்சதே மாசம் 1,000 ரூபாதான். வீடும் போய் பி.எஃப்.பும் கரைஞ்சா கடைசில நீங்க ரெண்டு பேரும் அந்தப் பையன நம்பித்தான் இருக்கணும், அவன் வேலைக்குப் போன மொத மாசத்துலருந்தே உனக்காகத்தான வீட்ட வெச்சோம்ங்கற பேச்சு சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துடும். நீங்க சொல்லக்கூடாதுன்னு நினைச்சாலும் வந்துடும்ங்க.

பையன் விஷயம். அவன் கேட்ட கேள்வி கேக்கக்கூடாத கேள்விதான், ஆனா 128 கட் ஆஃப் எடுத்துட்டு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரு பக்கம் போக தான் மட்டும் விடுபட்டுப் போறவனோட பயமும் அவமானமும் அதுக்குள்ள இருக்கு. அவன் ரூம் கதவத் தட்டி, காலேஜ் பேச்சே எடுக்காம கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க. சாப்பாடு தூக்கம் ரெண்டும் இப்படியே குறைஞ்சுட்டு வந்தாலோ, நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி ஏதாவது பேசினாலோ தள்ளிப்போடாம டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416க்கு கூப்பிடுங்க, எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. நீங்க பேசினாலும் சரி அவன் பேசினாலும் சரி.

அவன் கொஞ்சம் இறங்கி வந்ததும் நாலு பேரும் உக்காருங்க, பொண்ணு வீடியோ கால்ல இருக்கட்டும், பணம் கேக்கறதுக்கில்ல, வீட்டுக்கு மூத்தவளா. வாரச் சம்பளம் எவ்வளவு, உங்க பீஸ் ரேட் காசு எவ்வளவு, அரிசி கரண்ட் மருந்து போக என்ன மிஞ்சுதுன்னு நோட்டுல எழுதி அவன் முன்னாடி வைங்க. நம்ம வீடுகள்ல இத பிள்ளைங்ககிட்ட காட்டவே மாட்டோம், கஷ்டம் தெரியாம வளரட்டும்னு மறைச்சுட்டு அப்புறம் கஷ்டம் தெரியலைன்னு திட்டறோம். எழுதிட்டு, கடன் இல்லாம எங்களால வருஷத்துக்கு இவ்வளவு தர முடியும், இத நாலு வருஷமும் தருவோம், அதுக்கு பதிலா உன்கிட்ட எதுவும் திருப்பிக் கேக்க மாட்டோம்னு உங்க வீட்டுக்காரர் வாயால சொல்லணும். அறுபதாயிரமோ எண்பதாயிரமோ, எதுவா இருந்தாலும் சரி. அதுக்கு மேல ஆகறது அவன் பேர்ல எஜுகேஷன் லோன், அக்கா செஞ்ச மாதிரியே. 4 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க்ல தரணும், அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போடணும், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிச்சா போதும், 15 வருஷம் வரைக்கும் டைம் உண்டு. படிக்கற காலத்துலயும் வட்டி ஏறிட்டேதான் இருக்கும், அதையும் அவன்கிட்ட மறைக்காதீங்க. லோன் போட்டு படிக்கறது அப்பா கைவிட்டதா ஆகாது, அக்காவ அவர் கைவிட்டாரா என்ன?

இந்த லோன் எல்லாம் மெரிட்ல சீட் வாங்குனாத்தான் சுலபம், பிரதம மந்திரி வித்யாலட்சுமி மாதிரி அரசுத் திட்டங்கள்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இடமே இல்ல. ரசீது இல்லாம கேக்கற அந்த 3 லட்சம் இருக்கே, அந்த மாதிரி நன்கொடை வாங்கறத தடை பண்ணி தமிழ்நாட்ல 1992லயே சட்டம் இருக்குங்க. நாளைக்கு பையன் பாதில நின்னா அந்தக் காசக் கேட்டு எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிப்பீங்க?

128க்கு கவுன்சிலிங்ல சீட் கிடைக்காமப் போகாது, அவன் கேக்கற காலேஜ் கிடைக்காது, அவ்வளவுதான். முதல் பட்டதாரி சலுகைய அக்கா வாங்கிட்டதால இவனுக்கு அது வராது, இருந்தாலும் கவுன்சிலிங் சீட்டுக்கு அரசுக் குழு நிர்ணயிச்ச ஃபீஸ்தான், நீங்க சொன்ன 2 லட்சத்துக்கு பக்கத்துல கூட வராது. காலேஜ் எடுக்கறப்ப கட்டிடத்த பாக்காம பாஸ் பர்சென்டேஜ் பாருங்க. இன்ஜினியரிங்தான்னு பிடிவாதம் இல்லேன்னா உங்க ஊர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி மாதிரி இடத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு ஆகற செலவு இவங்க கேக்கற ஒரு வருஷ ஃபீஸ்ல சொச்சம்தான். இத அவன் மேல திணிக்க வேண்டாம், அவனே போய் பாத்துட்டு வரட்டும்.

கவுன்சிலிங்குக்கு ரிஜிஸ்டர் பண்ணியாச்சான்னு நீங்க எழுதவே இல்ல. பண்ணலேன்னா கடைசி தேதி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, மாவட்டத்துல உதவி மையம் இருக்கு, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு பையனையும் அப்பாவையும் சேத்து அனுப்புங்க, நீங்க போகாதீங்க. அது முடியற வரைக்கும் அந்தக் காலேஜுக்கு அட்வான்ஸ்னு ஒரு ரூபா கூட போகக்கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு விருப்பம்னா ஒரு ஞாயித்துக்கெழமை என்கிட்ட போன்ல பேசச் சொல்லுங்க, அவர் பக்கத்தையும் நான் கேக்கணும்.