கேளுங்கள், சொல்கிறேன்: கிராம்பு போடாத பீரில் கிராம்பு மணம்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் கீரிப்பாறை பக்கம். அப்பா கிராம்புத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், நான் பெங்களூரில் இருக்கிறேன். அங்கே சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு கடையில் 'செசோன்' என்று ஒன்று குடித்தேன். முதல் மடக்கிலேயே கிராம்பும் நல்லமிளகும் தூக்கலாக மணத்தது. கேட்டால், கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் மட்டும்தான் போடுகிறோம், கிராம்பு கிடையாது என்கிறார்கள். கிராம்பு மணம் எனக்குத் தெரியாமல் இருக்குமா? (வாசகர், கீரிப்பாறை)

பதில்: தம்பி, உங்கள் மூக்கும் சரி, அவர்கள் சொன்னதும் சரி. அந்த மணத்தை உண்டாக்கியது ஈஸ்ட், அதாவது பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர். பார்லி, கோதுமை உமியில் ஃபெரூலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. செசோன் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட் அதை எடுத்து 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றிவிடும். உங்கள் தோட்டத்துக் கிராம்பில் மணப்பது யூஜினால். இரண்டும் ஒரே குவாயகால் குடும்பம், அதனால்தான் கிராம்புக்கு நடுவில் வளர்ந்த உங்களுக்கு உடனே பிடிபட்டது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லேகர் பீரின் ஈஸ்டுக்கு இந்த வேலை தெரியாது. அதில் இந்த மணத்தைத் தேடினாலும் கிடைக்காது.

செசோன், பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் வலோனியாவில், அதிலும் எனோ மாகாணத்துப் பண்ணைகளில் பிறந்த பீர். வெயில் காலத்தில் காய்ச்சினால் கண்ட கிருமியும் புகுந்து கெடுத்துவிடும் என்று குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்துவிட்டு, கோடையில் வயல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். தாகம் தீர்க்க வேண்டும், ஆனால் ஆளைச் சாய்த்துவிடக் கூடாது, அதனால் அன்றைக்கு அதில் போதை குறைவு. இன்றைக்கு இந்த வகைக்கு அளவுகோல் மாதிரி எல்லோரும் காட்டுவது செசோன் டுபோன். தூர்ப் என்ற சின்ன ஊரில், 1844 முதல் பீர் காய்ச்சிவரும் ஒரு பண்ணையிலிருந்து வருகிறது. அதில் மசாலா எதுவும் சேர்ப்பதில்லை, ஆனாலும் மிளகு மணக்கும். லேகரை 10 டிகிரியை ஒட்டிய குளிரில் நொதிக்க விடுவார்கள் என்றால், இந்த ஈஸ்டை 30 டிகிரிக்கு மேலேயும் விடுகிறார்கள். நம்மூர் மதிய வெக்கைதான், அந்தச் சூட்டில்தான் அது பழ மணத்தையும் சேர்த்துக் கொடுக்கும். இந்த ஈஸ்டுகளில் சில, மற்ற ஈஸ்டுகள் தின்னாமல் விட்டுவிடும் மாச்சத்தையும் உடைத்துத் தின்றுவிடும். அதனால் இனிப்பு ஒட்டாமல், வாய் சட்டென்று வறண்டு, இன்னொரு மடக்கு கேட்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். ஐஸ் போலக் குளிர்ந்து வந்தால் உடனே வாயில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் நாக்கும் மூக்கும் மரத்துப்போகும், மணமும் மேலே வராது. பத்து டிகிரிக்குப் பக்கமாக வரட்டும். முதலில் மூக்கு, அப்புறம் வாய். நுரை அடங்குவதற்குள் வருகிற ஆரஞ்சும் எலுமிச்சையும், பிறகு மிளகு, கிராம்பு, கடைசியில் தொண்டையில் நிற்கும் கசப்பு. இந்த வரிசை தெரிந்தால் நல்ல செசோன். கொத்தமல்லி முன்னால் வந்து நின்றுகொண்டு சோப்பு மாதிரி மணந்தால், காய்ச்சியவர் ஈஸ்டை நம்பவில்லை என்றுதான் சொல்வேன். மசாலா பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கிராம்பைத் தனியாகப் போடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. ஈஸ்டே கொடுக்கும் மணத்தின் மேல் அதை ஏற்றினால் பல் வலிக்கு வைக்கிற தைலம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கூடச் சாப்பிட நெத்திலி வறுவல். வாயில் ஒட்டும் எண்ணெயை அந்தப் பொங்கும் வாயு கழுவிவிடும். மரச்சீனிக் கிழங்கும் பொருந்தும், ஆனால் வத்தல் மிளகாய் தூக்கலான மீன்கறியோடு வேண்டாம், எரிச்சலும் கசப்பும் சேர்ந்து இரண்டையும் கெடுத்துவிடும்.

கேள்வி: என் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கினதாக இந்த டுபோன் பீர் கொண்டுவந்தான். பச்சைக் கண்ணாடி, ஷாம்பெயின் மாதிரி தக்கை மூடி, அடியில் வெள்ளையாக வண்டல். கெட்டுப்போய்விட்டதா? (வாசகர், குளச்சல்)

பதில்: கெடவில்லை. வண்டல் என்பது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க விடுவதால் வருவது, அந்த வாயுவும் அதனால்தான். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் ஊற்றினால் வண்டல் அடியிலேயே நின்றுவிடும். கலந்து குடித்தாலும் தீங்கில்லை, கலங்கலாக இருக்கும், கொஞ்சம் மாவு வாடை வரும். தக்கை வேகமாகத் தெறிக்கும், பாட்டிலை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். பயப்பட வேண்டியது வெளிச்சத்துக்கு. பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, அந்தக் கசப்பில் வெயில் பட்டால் குமட்டுகிற ஒரு கந்தக வாடை வந்துவிடும், பச்சைக் கண்ணாடி அதை அவ்வளவாகத் தடுக்காது. குளச்சல் வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்திருந்தால் இன்றைக்கே இருட்டான அலமாரிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இந்த டுபோனை 'லேசான பீர்' என்று சொல்லி ஒரே இருப்பில் முழுப் பாட்டிலையும் குடிக்கிறார். உண்மையிலேயே லேசா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை அம்மா. வாயில்தான் லேசு. டுபோனில் 6.5 சதவீதம் ஆல்கஹால். 750 மில்லி பாட்டில் என்றால் கிட்டத்தட்ட 49 மில்லி சுத்த ஆல்கஹால். நம்மூர் விஸ்கி, பிராந்தி 42.8 சதவீதம், அந்தக் கணக்கில் 114 மில்லி, அதாவது 30 மில்லி பெக்கில் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. வறண்ட சுவை என்பதால் ஏறுவதே தெரியாமல் உள்ளே போகும். அவர் அதைக் குடித்துவிட்டு பைக் சாவியை எடுத்தால் வாங்கி வைத்துவிடுங்கள், இந்தக் கணக்கையும் காட்டுங்கள். நாலு பேர் பகிர்ந்து குடிக்க வேண்டிய பாட்டில் அது.

கேள்வி: நம் மலைக் கிராம்பு போட்டு வீட்டிலேயே காய்ச்சலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம்.