மரபுத்தொடர்ப் புத்தகத்தை மூடி வைக்கலாம்: கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து வரவேற்புப் பிரிவில் பணியாற்ற விரும்புவதாகவும், ஊட்டியின் உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க அவளுடைய ஆங்கிலம் போதாதோ என்று அஞ்சி, ஆங்கில மரபுத்தொடர்ப் புத்தகம் ஒன்றை நாள்தோறும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள்.

இத்தகைய பட்டியல்களில் எந்தத் தொடர் இன்றும் புழங்குகிறது, எது எந்த நாட்டுக்குரியது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. கொட்டும் மழையைக் குறிக்க நம் பள்ளிகளில் விரும்பிக் கற்பிக்கப்படும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இன்றைய ஆங்கிலேயர் பேச்சில் அரிது. தோராயக் கணக்கைக் குறிக்கும் 'பால்பார்க் ஃபிகர்' பேஸ்பால் ஆடும் அமெரிக்காவில் பிறந்தது. இக்கட்டான நிலையைக் குறிக்கும் 'ஸ்டிக்கி விக்கெட்' கிரிக்கெட் தந்தது. வழியின்றி மாட்டிக்கொண்டவர் 'ஸ்னூக்கர்ட்' என்று சொல்லிக்கொள்வதும் ஆங்கிலேயர் வழக்கமே. அந்தச் சொல்லைத் தந்த ஸ்னூக்கர் மேசை ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் தோன்றி, உதகை கிளப்பில் விதிகள் பெற்றதாகச் சொல்வார்கள் என்பதால், நீலகிரிப் பெண்ணுக்கு இந்த ஒரு சொல் மறக்காது.

வரவேற்பு மேசையில் நிற்பவருக்கு முதலில் தேவைப்படுவது பேச்சை விடச் செவிதான். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சீசனுக்கு வரும் விருந்தினர்கள் நம்மைப் போலவே நேரடியான ஆங்கிலம் பேசுவார்கள். சிக்கல் எழுவது வெளிநாட்டவரிடமும், 'டச் பேஸ்' (சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது), 'கீப் மீ போஸ்டட்' (அவ்வப்போது தகவல் சொல்லுங்கள்) என்று பேசிப் பழகிய பெருநிறுவன ஊழியரிடமும்தான். இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்கும்போது 'ஐ அம் குட்' என்று ஒருவர் சொன்னால், அவர் நலம் விசாரித்ததற்குப் பதில் சொல்லவில்லை, வேண்டாம் என்கிறார். காலையில் 'அண்டர் தி வெதர்' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உடல்நிலை சரியில்லை. ஊட்டிக் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்காமல் மருத்துவர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். மேலாளர் ஒரு சிற்றுண்டியை 'ஆன் தி ஹவுஸ்' என்றால் அது விடுதியின் செலவு. அதை பில்லில் சேர்த்துவிட்டால் விருந்தினருக்கும் கோபம், மேலாளருக்கும் கோபம். 'ப்ளே இட் பை இயர்' என்பவர் பயணத் திட்டத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல் சூழ்நிலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்; அவருக்காக உடனே டாக்ஸி பதிவு செய்துவிடக் கூடாது.

பேசுவதற்கு மிகச் சிலவே போதும். காத்திருக்கச் சொல்லும் 'ப்ளீஸ் பேர் வித் மீ', கவனிப்பதாக உறுதி தரும் 'ஐ வில் லுக் இன்டு இட்' போன்றவை எந்த விருந்தினரிடமும் மரியாதை குறையாமல் ஒலிப்பவை. நண்பர்களிடையே சிரிப்பூட்டும் தொடர்களை விருந்தினரிடம் எடுத்து வீசுவது ஆபத்து. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர் நேர்காணலில் 'உங்கள் கேள்வி என் வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்றால் நாம் பொருளைப் புரிந்துகொண்டாலும் சிரிக்காமல் இருக்க மாட்டோம். தவறான இடத்தில் வரும் ஆங்கிலத் தொடரும் அப்படியே. நம் அலுவலகங்களில் 'ஆவன செய்யவும்' என்ற பொருளில் ஓயாமல் எழுதப்படும் 'டூ தி நீட்ஃபுல்' கூட இங்கே எல்லோருக்கும் புரிந்தாலும், வெளிநாட்டு விருந்தினருக்குப் பழைய கடித நடையாகவே தோன்றும்.

வெளிநாட்டு வேலைக்காகப் பின்னாளில் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுத நேர்ந்தால், 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம மதிப்பில் அளக்கப்படும். சொல்வளத்தில் 7-ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) விளக்கத்தில் மரபுத்தொடர்களை ஓரளவு கையாளும் திறன் இடம்பெறுவது உண்மைதான். ஆனால் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பது மதிப்பெண்ணைக் குறைக்கவே செய்யும்.

ஆகவே மகளுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் நிகழ்ச்சிகளைச் செல்பேசியில் தினமும் சிறிது நேரம் கேட்டு, காதில் விழும் தொடரை அது வந்த முழு வாக்கியத்தோடும், பேசியவர் யார், யாரிடம் பேசினார் என்பதோடும் அவள் எழுதி வைக்கட்டும். வாரம் இரண்டு மூன்று தொடர்கள் சேர்ந்தாலே போதும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு, தெரிந்தவர் யாராவது கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஹோம்ஸ்டே நடத்தினால், மே மாத மலர்க்காட்சிக் கூட்டம் வரும் நாட்களில் அங்கே உதவியாக இருந்து விருந்தினர் பேசுவதைக் கேட்டுப் பழக அனுமதியுங்கள். நுழைவுத் தேர்வு விண்ணப்பம் குறித்துப் பேச அவளை அழைத்து வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.