கிரிப்டோ நெட்வொர்க் அப்டேட் ஆனபின் பழைய மென்பொருளையே ஓட்டினால் என்ன ஆகும்?

எந்தப் பரிவர்த்தனை செல்லும், எது செல்லாது என்று எல்லாக் கணினிகளும் ஒப்புக்கொண்ட விதிகள்தான் புரோட்டோகால். மேலிருந்து உத்தரவிட ஆள் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானே சரிபார்க்கிறது. அதனால் விதி எந்தப் பக்கம் மாறுகிறது என்பதுதான் முக்கியம்.

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு மாம்பழ மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி; வியாபாரிகள் எல்லோரும் ஒரே கணக்கை எழுதுகிறார்கள். நாளை அதை 15 கிலோவாகக் குறைத்தால், சேதி தெரியாதவருக்கும் சிக்கல் இல்லை. 15 கிலோ மல்கோவாப் பெட்டி அவர் தராசிலும் தேறும். இது சாஃப்ட் ஃபோர்க். 2017 ஆகஸ்டில் பிட்காயினில் வந்த செக்விட் என்ற விதிமாற்றம் இந்த வகைதான்.

25 கிலோவாக உயர்த்தினால்? பழைய ஆள் பெட்டியைத் தராசில் வைப்பார், முள் 20ஐத் தாண்டும், ‘செல்லாது’ என்று தள்ளிவிடுவார். அந்த வரியிலிருந்து அவர் நோட்டு தனி, மற்றவர்கள் நோட்டு தனி. இது ஹார்டு ஃபோர்க். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நெட்வொர்க்கின் விதிகள் மாறியபோது, அப்டேட் செய்யாத கணினிகளால் புதிய சங்கிலியை, அதாவது மற்றவர்களின் கணக்கு நோட்டை, தொடர முடியவில்லை.

நீங்கள் சொந்தமாக நோடு (இப்படிச் சரிபார்க்கும் கணினி) ஓட்டினால் தேதிக்கு முன்பே அப்டேட் செய்துவிடுங்கள். காயினை எக்ஸ்சேஞ்சில் (வாங்கி விற்கும் தளத்தில்) வைத்திருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், ‘அப்டேட் செய்யாவிட்டால் காயின் அழிந்துவிடும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். காயின் மென்பொருளுக்குள் இல்லை, எல்லோரும் எழுதும் அந்தக் கணக்கு நோட்டில் இருக்கிறது. சாவி (காயினைச் செலவழிக்க உதவும் ரகசியக் குறியீடு) உங்களிடம் இருந்தால் பிறகு அப்டேட் செய்தும் எடுக்கலாம், ‘மாற்றித் தருகிறேன், சாவியைத் திரும்பப் பெற உதவும் ரகசியச் சொற்களைக் கொடு’ என்பவர் திருடர்.