அப்பாவின் எம்.ஜி.பி.யை விற்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா வாங்கிய 1965 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அவர் தவறி மூன்று வருடமாகிறது. ஆறு வருடம் கராஜில் வைத்து நானே பிரித்துப் பூட்டினேன். 3 லட்சத்து 40 ஆயிரம் ரேண்ட் போயிருக்கிறது. இப்போது இடமில்லை, கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பேப்பர் இன்னும் அப்பா பெயரில்தான். 'விண்டேஜ் கார் விற்பனைக்கு' என்று விளம்பரம் போடட்டுமா, டீலரிடம் விடட்டுமா? போட்ட பணமாவது வருமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்குகிறவர் உங்கள் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து விலை சொல்ல மாட்டார். அதே மாடல், அதே நிலையில், சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்றுதான் பார்ப்பார். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு. எம்.ஜி. கார் கிளப்பின் டர்பன் ஆட்களிடம் விசாரியுங்கள், கைக்கு வந்த விலை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது பேப்பர். காலமானவர் பெயரில் இருக்கும் காரை மகன் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அப்பாவின் சொத்து விவரத்தை, காலமானவர்களின் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் பதிந்து, பொறுப்பாளர் நியமனம் வாங்கியிருக்க வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ரேண்டுக்குள் என்றால் ஓர் அதிகாரக் கடிதம் போதும். வீடும் சேர்ந்து அதற்கு மேல் போனால் எக்ஸிக்யூட்டர் நியமனக் கடிதம் வேண்டும். அம்மா பொறுப்பாளர் என்றால் கையெழுத்து அம்மாவுடையது. உயிலில் கார் உங்களுக்கு வந்திருந்தால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு விளம்பரத்துக்குப் போங்கள். "பேப்பர் வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும் ஆளிடம் விவரம் தெரிந்த யாரும் பணம் கட்ட மாட்டார்.

ஆறு வருடம் கராஜில் கிடந்த வண்டிக்கு வருடாந்தர லைசென்ஸ் டிஸ்க் கட்டினீர்களா? கட்டாமல் விட்டிருந்தால் பாக்கியும் அபராதமும் காத்திருக்கும். அதைவிட முக்கியம், பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா காலத்தில் யாராவது வேறு எஞ்சின் மாற்றியிருக்கலாம். எண் பொருந்தாவிட்டால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்த வேண்டிவரும். இதை வாங்குபவர் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிடுங்கள்.

அடுத்து ரோட்வர்த்தி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ். பெயர் மாற்றப் பதிவுக்கு அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்கூட்டி எடுக்க வேண்டாம். எம்.ஜி.பி.யில் முன்சக்கரக் கிங் பின்னுக்கு (சக்கரம் திரும்பும் அச்சு) கிரீஸ் அடிக்காமல் விட்டிருந்தால் அங்கே மாட்டுவீர்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும்.

விளம்பரத்தில் "விண்டேஜ்" வேண்டாம். பழைய கார் கிளப்புகளில் அந்தச் சொல்லுக்கு வரம்பு இருக்கிறது: 1919 முதல் 1930 வரை செய்தவைதான் விண்டேஜ். 1965 வண்டியை அப்படிச் சொன்னால் விவரமானவர் சிரித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போவார். "1965 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், குரோம் பம்பர்" என்று எழுதுங்கள், போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. டர்பன் வண்டி என்றாலே ஜோஹன்னஸ்பர்க்காரர் முகம் சுளிப்பார். கடல் காற்று, உப்பு, ஈரம். அவர் சந்தேகப்படுவது நியாயம். எம்.ஜி.பி.க்குத் தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டகம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் பெட்டி மாதிரி ஓடுகிறதே, அந்த சில்தான் திறந்த காரில் முதுகெலும்பு. கூரை இல்லாததால் அது தாங்க வேண்டிய பாரத்தையும் சில்லே தாங்குகிறது. உள்ளே துரு தின்றிருக்க, மேலே புட்டி பூசிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று விற்ற வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன.

என் சொந்த எம்.ஜி.பி.யைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். பெயிண்டைப் பாராட்டவில்லை, சீட்டில் உட்காரவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து முருகன் படம் போட்ட ஃபிரிஜ் மேக்னெட் ஒன்றை எடுத்தார். கீறல் விழாமல் கைக்குட்டையில் சுற்றி, சில் நெடுக ஒவ்வொரு சாணுக்கும் வைத்துக்கொண்டே போனார். டக், டக் என்று ஒட்டிக்கொண்டே வந்தது. பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் புட்டி இருக்கிறது என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லியிருந்தேன். "சொன்ன இடத்திலேதான் விழுகுது தம்பி" என்றார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, கதவின் இடுக்கு குறுகுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். சில் நொந்துபோன வண்டியைத் தூக்கினால் நடுவில் மடிந்து கதவு இறுகும். என்னுடையது இறுகவில்லை. பேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அதனால் உங்கள் ரசீதுகளோடு, வேலை நடந்தபோது எடுத்த படங்களை வரிசைப்படுத்தி ஒரு ஃபைல் போடுங்கள். பழைய சில்லை வெட்டி எடுத்த படம், ஓட்டை தெரிகிற படம், புதுத் தகடு வெல்டு வைத்த படம். அசிங்கமான படம்தான் அதிக விலை பெறும். பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு உங்களிடம் உள்ள சாட்சி அது ஒன்றுதான். எம்.ஜி. கார்கள் செய்த ஆபிங்டன் தொழிற்சாலையின் பதிவேட்டிலிருந்து இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் சான்றிதழ் தருகிறது. அதையும் கட்டணம் கட்டி எடுத்து ஃபைலில் வையுங்கள். எஞ்சினைத் திறந்தபோது ஹெட்டில் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடின வால்வு சீட் போட்டிருந்தால் அந்த ரசீது மேலே இருக்கட்டும். இந்த நாட்டில் 2006 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது, வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

ஆள் பார்க்க வருகிற அன்று எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். வந்ததும் பானட்டில் கை வைப்பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்று அர்த்தம். சோக் இழுத்துக் குளிரிலேயே ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். சூடேறிய பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் முள் 50-ஐ ஒட்டி நின்றால் அவர் வாய் திறக்கமாட்டார்.

முதலில் நீங்களே ஓட்டி, அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் ஓட்டுவதற்கு முன் லைசென்ஸைப் பாருங்கள், இன்சூரன்ஸ் அவர் கைக்கும் செல்லுமா என்று கேட்டுவையுங்கள். சந்திப்பு வீட்டில் வேண்டாம், பகலில் ஆள் நடமாட்டமுள்ள மால் பார்க்கிங் நல்லது, முன்கூட்டியே போய் எஞ்சினை ஆறவிடுங்கள்.

டீலரிடம் விட்டால் கமிஷன் போகும், தொல்லை குறையும். ஆனால் இவ்வளவு ஃபைல் வைத்திருக்கிற ஆள் தானே விற்பதுதான் லாபம் என்பது என் கருத்து. தனி ஆள் எப்போதோ ஒரு காரை விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. ஆகவே ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதலாம். ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது. ஹூட் (துணிக் கூரை) ஒழுகுகிறதா, இரண்டாம் கியர் முனகுகிறதா, எல்லாவற்றையும் அதே தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். என் பெரியவர் கதைதான் இதுவும்.

வரியைப் பற்றி ஒரு வரி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்றால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்திருந்தால் கணக்கு வேறு, கணக்காளரைப் பாருங்கள்.

பணம். அவர் போனில் காட்டும் "அனுப்பிவிட்டேன்" எஸ்.எம்.எஸ்ஸை நம்பாதீர்கள், அதைப் போலியாகச் செய்வது சிறுபிள்ளை வேலை. வங்கி வேறு வேறு என்றால் சாதாரண இ.எஃப்.டி. (ஆன்லைன் பணப் பரிமாற்றம்) வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். உங்கள் கணக்கில் நீங்களே நுழைந்து பணத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சாவி. "கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வண்டி போன அன்றே, கைமாறியதை அறிவிக்கும் என்.சி.ஓ. படிவத்தையும் வாங்கியவரின் அடையாள அட்டை நகலையும் லைசென்ஸிங் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தன் பெயரில் பதிந்துகொள்ள அவருக்கு 21 நாள் அவகாசம் உண்டு, சிலர் மாதக்கணக்கில் இழுப்பார்கள். அதுவரை வரும் ஸ்பீட் ஃபைன் எல்லாம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். படிவத்தை ஏற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸை அதன் பிறகு நிறுத்துங்கள்.