பாட்டிலை ஊற்றினால் மிஸ்ஸிங் நிற்குமா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். 2014 மாடல் பெட்ரோல் கார், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறுகிறது. போன மாதம் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது இழுவையே இல்லை. செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. 'பெட்ரோலில் கலக்கும் இந்தத் திரவ பாட்டிலை டேங்க்கில் ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார் பங்க்கில் ஒருவர். ஊற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். லைட் எரிகிறது என்றால் கோளாறு எதுவென்று வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது. ஸ்கேனர் போட்டு அந்தக் கோளாறுக் குறியீட்டை (கோடு) முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மிஸ்ஸிங் போலத் தெரிகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0302 என்று கோடு வந்தால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) உள்ள வண்டி என்றால், இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, அதை இதில் மாட்டி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோடு பி0303 என்று மாறினால் காயில் போய்விட்டது. மாறவில்லையா, அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். பக்கத்தில் நின்று பாருங்கள். தேய்ந்த பிளக், செத்த காயில், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த வேக்குவம் ஹோஸ், இவற்றில் எதையும் டேங்க்கில் ஊற்றும் திரவம் தொடக்கூட முடியாது.

சென்ற வருடம் மேலூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. இதே உதறல். நான்கு மாதமாக ஆக்டேன் பூஸ்டர் என்ற பெட்ரோலில் கலக்கும் பாட்டிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார் அதன் உரிமையாளர். பிளக்கைக் கழற்றினால் பீங்கான் முழுக்கச் செங்கல் பொடி பூசியது போல் சிவப்பு. இரும்புச் சேர்மம் கலந்த பூஸ்டர் விடும் படிவு அது. பிளக்கின் மின்சாரம் பொறியாகப் பாயாமல் அந்தப் படிவு வழியாகக் கசிந்துவிடும். மூலக் கோளாறு காயிலில் இருந்தது. காயிலோடு நான்கு பிளக்கும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்காக எல்லா பாட்டிலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். காயில், பிளக், கம்ப்ரஷன் எல்லாம் சரியாக இருந்து, பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் முனையில் பிசின் படிந்ததுதான் காரணம் என்று தெரிந்தால், டேங்க்கில் ஊற்றும் கிளீனருக்கு வேலை உண்டு. பனி போலத் தூவ வேண்டிய பெட்ரோல் அப்போது ஒழுகலாக விழும். அதனால்தான் காலையில் உதறும். பாட்டிலில் பாலிஈதர்அமீன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அந்தப் படிவைக் கரைப்பதில் நன்றாக வேலை செய்வது அது. லேபிளில் சொன்ன அளவை ஊற்றி, டேங்க்கை நிரப்பி, ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நிற்காமல் நான்கு வழிச்சாலையில் ஓட்டி அந்த டேங்க்கைத் தீர்த்துவிடுங்கள். ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு செய்வது நல்லது. கரைந்த அழுக்கில் கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஒரு டேங்க் போதும், ஒவ்வொரு முறையும் தேவையில்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடாமல் நேரே சிலிண்டருக்குள் போவதால், வால்வில் படிந்த கரியை இது எடுக்காது.

மைலேஜைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதைச் சொல்லித்தான் அடுத்த பாட்டிலை விற்பார்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருக்கிறது. அந்தக் குறைவை எந்த பாட்டிலும் ஈடுகட்டாது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கலாம் என்பதால், உங்கள் மாடலில் ரப்பர் ஹோஸ்கள் கசிகின்றனவா, விறைத்திருக்கின்றனவா என்று மட்டும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை மலைப் பயணம் வேண்டாம். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வொர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும். அதன் விலைக்கு இப்படிப்பட்ட பிளக் செட் எத்தனையோ வாங்கலாம்.